மாடி ரூம் பாம்பும் ஷார்ட் இன்ட்ரஸ்ட்டும்

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை. கும்மிடிப்பூண்டி லோக்கல் வழக்கம்போல அவுட்டரில் நின்றுவிட்டது. பின்னால் எக்ஸ்பிரஸ் வருகிறதாம். அது போகிற வரை நாங்கள் நிற்க வேண்டுமாம். இதைப் பற்றி ஏற்கெனவே இதே பக்கத்தில் வயிறெரிந்து எழுதியிருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை. விடுங்கள்.

வண்டி நின்றால் எல்லோரும் ஃபோனை எடுப்பார்கள். நானும் எடுத்தேன். தினமும் காலையில் நான் முதலில் பார்ப்பது ஒன்று உண்டு. பைபிள் வசனம் என்று நினைத்தால் நீங்கள் நல்லவர்கள். நான் பார்ப்பது ஒரு ஈடிஎஃப். பச்சையா, சிவப்பா... பார்த்ததும் மூடிவிடுவேன்.

ஈடிஎஃப் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: காய்கறிக் கடையில் சாம்பாருக்கு என்று நாலைந்து காயைக் கலந்து ஒரு கூறு கட்டி வைப்பார்கள் இல்லையா? அது மாதிரி நிறைய கம்பெனிகளின் பங்குகளைக் கலந்து ஒரே கூறாகக் கட்டி, அந்தக் கூறையே ஒரு பங்கு போல வாங்கலாம், விற்கலாம். என்னுடையது ஜப்பான் கூறு. விற்கிற கடை மட்டும் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே நம் ராத்திரியில் நடக்கிற வியாபாரத்தின் முடிவு நமக்குக் காலையில் தெரியும்.

எதிர் சீட்டில் மோகன். ஒரு பேட்டரி கம்பெனியில் கணக்குப் பிரிவு. மிச்ச நேரமெல்லாம் ஷேர் மார்க்கெட். லாபம் வந்த கதையை மட்டும் சொல்லுவான். என் ஃபோனை எட்டிப் பார்த்தான். நம் லோக்கலில் அது தப்பே கிடையாது. அடுத்தவர் பேப்பரைப் படித்தே வளர்ந்தவர்கள் நாம்.

"இன்னாக்கா, ஜப்பான் ஃபண்டா? வாங்கி வெச்சிக்கினு கீறியா?"

"ஆமா. இன்னா அதுக்கு?"

அவன் தன் ஃபோனில் எதையோ தட்டினான். உதட்டைப் பிதுக்கினான். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்க்கிற டாக்டர் முகம்.

"இதுல ஷார்ட் இன்ட்ரஸ்ட் ஏறிக்கினே போவுதுக்கா. பெரிய பெரிய கையெல்லாம் இது வுழும்னு பந்தயம் கட்டிக்கினு கீறான். பேசாம வித்துட்டு வெளிய வந்துடு."

"புரியற மாதிரி சொல்லு."

"உன் வூட்ல ரெண்டு சிலிண்டர் கீதுன்னு வை. ஒண்ணு அடுப்புல ஓடுது. ஒண்ணு சும்மா கீது. நான் வந்து, 'யக்கா, சும்மா கீறத குடு, அப்பால தரேன்'னு இரவல் வாங்கினு போறேன்."

"போன தீபாவளிக்கு அப்டித்தான் வாங்கினு போன. இன்னும் வரல."

"அய்ய, அத்த உடுக்கா. உதாரணம் சொல்றேன். வாங்கினு போயி நான் சமைக்கல. இப்ப சிலிண்டர் தட்டுப்பாடு, நல்ல வெல. டீக்கடைக்காரனுக்கு வித்துட்டேன். அடுத்த மாசம் வெல எறங்கும் பாரு, அப்ப கம்மியா ஒண்ணு வாங்கி உன் வூட்ல எறக்கிடுவேன். நடுவுல நிக்கிற டப்பு என்து. இதான் ஷார்ட்."

"வெல எறங்கலன்னா?"

"செத்தேன். இன்னா வெலயா இருந்தாலும் வாங்கி உனக்குக் குடுத்துத்தான் ஆவணும்."

"சரி, அந்த இன்ட்ரஸ்ட்?"

"தெருவுல இந்த மாதிரி இரவல் வாங்கி வித்துட்டு, இன்னும் திருப்பாத சிலிண்டர் மொத்தம் எத்தினி? அந்தக் கணக்குதான். வட்டின்னு நெனச்சிக்காத. கணக்கு ஏறுதுன்னா, வெல எறங்கும்னு நம்பறவன் ஜாஸ்தி ஆயிக்கினு கீறான்னு அர்த்தம்."

எக்ஸ்பிரஸ் தடதடவென்று கடந்து போனது. எங்கள் வண்டி நகர்ந்தது. எனக்கு மட்டும் எதுவோ நின்றுவிட்டது.

ஏனென்றால் அந்த ஜப்பான் கூறை நான் லாபத்துக்கு வாங்கவில்லை. நான் வாங்கவே இல்லை. என் மகள் எஸ்தர் வாங்கி வைத்தது.

எஸ்தர் எங்களுக்கு ஒரே பிள்ளை. எங்கள் அப்பா தலைமுறை வரை இந்தப் பக்கத்து நிலங்களில் நாற்று நட்டவர்கள். நானும் என் வீட்டுக்காரரும் சிப்காட் கேட்டுக்குள் நுழைந்த தலைமுறை. எஸ்தர் அந்த கேட்டையும் தாண்டிவிட்டாள். இங்கே கார் பாகம் செய்கிற ஒரு ஜப்பான்காரக் கம்பெனியில் சேர்ந்து, நன்றாக வேலை செய்து, அந்தக் குற்றத்துக்காக ஜப்பானில் நகோயா பக்கத்தில் இருக்கிற தாய்க் கம்பெனிக்கு அனுப்பப்பட்டாள். நன்றாக வேலை செய்கிற பிள்ளைகளை ஏன் தூரத்துக்கு அனுப்புகிறார்கள்? சோம்பேறிகளை அனுப்பக் கூடாதா? அவர்களுடைய அம்மாக்கள் சந்தோஷமாக டாட்டா காட்டியிருப்பார்களே.

கிளம்புவதற்கு முந்தின நாள் என் ஃபோனை வாங்கி இந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். "மா, நான் எந்த ஊர்ல கீறனோ அந்த ஊரு கம்பெனிங்கல்லாம் இதுல கீது. உன் பேர்ல கொஞ்சம் வாங்கி வெச்சிக்கீறேன். என் ஞாபகம் வந்தா இத்தப் பாத்துக்கினு இரு" என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள்.

நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

பச்சையாக இருந்தால் அவள் நன்றாகச் சாப்பிட்டாள் என்று எனக்குத் தோன்றும். சிவப்பாக இருந்தால் ஃபோன் போடுவேன். "மா, மார்க்கெட் வுழுந்தா எனக்கு ஜுரம்னு அர்த்தம் இல்ல" என்று சிரிப்பாள். தெரியும். நான் ஒன்றும் முட்டாள் இல்லை. கேபிள் கம்பெனியில் தரம் பார்க்கிறவள். குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் தூரத்தில் இருக்கிற பிள்ளையைத் தொட ஒன்றும் கிடைக்காதபோது கை எதையாவது தொடத்தானே செய்யும்? அவள் ஊரில் எனக்கு முன்னாலேயே பொழுது விடிந்துவிடும், எனக்கு முன்னாலேயே இருட்டியும் விடும். நான் காபி போடும்போது அவள் வேலையையே ஆரம்பித்திருப்பாள். எப்போதும் அவளுக்குப் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். அந்தப் பச்சை சிவப்பு ஒன்றுதான் எனக்குக் கிடைத்த ஜன்னல்.

அந்த ஊர் விழ வேண்டும் என்று இத்தனை பேர் பந்தயம் கட்டி உட்கார்ந்திருக்கிறார்களா? யார் பெற்ற பிள்ளையோ என்ற நினைப்புத்தானே?

அன்றைக்கு நான் பார்த்த கேபிள்களில் பாதி ரிஜெக்ட் ஆயிற்று. கேபிள்கள் மேல் தப்பு இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மதியம் சாப்பிடும்போது மனசில் ஒரு கணக்கு ஓடியது. மோகன் சொன்னபடி நிஜமாகவே விழுந்தால்? கம்பெனிகள் ஆளைக் குறைத்தால்? முதலில் யாரை அனுப்புவான்... வெளியூர்க்காரியைத்தானே? எஸ்தர் பெட்டியோடு வந்து எங்கள் கவரைப்பேட்டை ஸ்டேஷனில் இறங்குகிற மாதிரி ஒரு படம் வந்தது. சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்திருக்கிறேன். பக்கத்தில் இருந்தவள் "இன்னாக்கா, தனியா சிரிக்கிற?" என்றாள்.

பெற்ற பெண்ணின் வேலை போவதை நினைத்து ஒருத்தி சிரிப்பாளா? சிரித்தேன். அந்த ஒரு வாய் சோற்றுக்கு நானும் அந்த ஷார்ட் கணக்கில் ஒரு ஆள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் விஷயத்தைக் கொட்டினேன்.

அவர் பெயர் தேவராஜ். சிப்காட்டில் மொபைல் கிரேன் ஓட்டி ரிடையர் ஆனவர். எவ்வளவு பெரிய மெஷினையும் கோழி முட்டை மாதிரி இறக்கி வைப்பார் என்று பெயர். வாய் மட்டும் அப்படிக் கிடையாது. எல்லாவற்றையும் தொப்பென்று போடும்.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "கரெக்டாத்தான் கட்டிக்கீறான். நான்தான் சொல்லிக்கினே கீறனேம்மே. அவ வர மாட்டா. போனது போனதுதான்."

இதுதான் அவருடைய பாட்டு. இரண்டு வருஷமாக இதைத்தான் பாடுகிறார். சர்ச் முடிந்து வெளியே வரும்போது பாதிரியார் சம்சாரம் ஐயரம்மா, "எஸ்தர் கிறிஸ்மஸுக்கு வருதா?" என்று கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சொல்லிவிடுவார்: "வர மாட்டா." மீன்காரம்மா கேட்டாலும் அதே. கேஸ் போடுகிற பையன் கேட்டாலும் அதே. ஒருத்தரும் கேட்காவிட்டால் அவரே ஆரம்பிப்பார்.

"யோவ், அமெரிக்காவுல இன்னாத்துக்குத் தேடறது? நம்ம வூட்டு ஷார்ட் இன்ட்ரஸ்ட்டே நீதான்யா" என்றேன்.

"அப்டின்னா இன்னா?"

"உன் மூஞ்சி."

வாயோடு நிறுத்தினால் பரவாயில்லை. மாடியில் எஸ்தருக்காகக் கட்டின ரூம் ஒன்று இருக்கிறது. சீமை ஓடு இல்லை, ஷீட் இல்லை, கான்கிரீட் போட்டுக் கட்டினது. அவள் கட்டில், அவள் மேஜை, சுவரில் அவள் ஒட்டின மஞ்சள் நட்சத்திரங்கள். எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு ரூமைச் சும்மா வைத்திருக்கிறவர்களைப் பார்க்கவே முடியாது. ஷிப்ட் வேலைக்கு வருகிற பிள்ளைகள் தலை சாய்க்க இடம் தேடி அலைகிறார்கள். மாட்டுக் கொட்டகையைத் தடுத்துக்கூட வாடகைக்கு விடுகிறார்கள். "அவதான் வரப் போறது இல்லயே, ரூம எதுக்குப் பூட்டி வெச்சிக்கினு? உட்டுடலாம்" என்று போன மாசம் இவர்தான் ஆரம்பித்தார். இவரே போய் வாடகை புரோக்கர் பாஷா பாயிடம் சொல்லிவிட்டு வந்தார்.

நான் சண்டை போட்டேன். மூன்று நாள் பேசவில்லை. அப்புறம் எனக்கும் அலுத்துவிட்டது. சரி, விட்டுத் தொலை என்றேன்.

பாஷா பாய் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் வேலைக்குப் போயிருக்கும்போது இவர்தான் காட்டுவார். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். பிடிக்கவில்லையாம். ஒடிசாப் பையன்கள் வந்தார்கள். பிடிக்கவில்லையாம். கல்யாணமான புதுசில் ஒரு ஜோடி வந்தது. அதுகளுக்கும் பிடிக்கவில்லையாம். எங்கள் தெருவிலேயே நல்ல ரூம், ஒருத்தருக்கும் பிடிக்கவில்லை. எனக்கு உள்ளூர சந்தோஷம். கர்த்தர் பார்த்துக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எஸ்தர் வீடியோ கால் போட்டாள். எடுத்ததும் கேட்டேன்: "ஏம்மா, உன் ஊரு மேல எதுக்கு இத்தினி பேரு பந்தயம் கட்டிக்கீறாங்க?"

மோகன் சொன்னதெல்லாம் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"மா, மோகன் அண்ணன் சொன்னது பாதிதான். ஷார்ட் பண்றவன்லாம் எதிரின்னு நெனச்சிக்காத. செல பேரு நெஜமாவே வுழும்னுதான் கட்றான். ஆனா ஈடிஎஃப்ல வேற ஒரு கூட்டமும் கீது. அவன் கையில இதே ஜப்பான் கம்பெனி ஷேருங்க மூட்ட மூட்டயா கீது. விக்க முடியாது. விக்க மனசும் இல்ல. ஆனா வுழுந்துடுமோன்னு பயம். அதனால ஒரு காவலுக்கு இந்த ஃபண்ட ஷார்ட் பண்ணி வெச்சிப்பான். வுழுந்தா இங்க வர்றது, அங்க வுழுற அடியத் தாங்கும்."

"வுழக் கூடாதுன்னு நெனக்கிறவனே, வுழும்னு கட்றானா?"

"ஆமாம்மா. நைனாவோட கிரேன்ல பின்னாடி கனமா ஒரு கவுன்ட்டர் வெயிட் கீதுல்ல? முன்னாடி தூக்கற சரக்குக்கு எதிர்ப்பக்கமாத்தான அது இழுக்குது? அது சரக்குக்கு எதிரியா? அது இல்லன்னா கிரேனே குப்புற வுழுந்துடும். அந்த மாதிரிதான். வெறும் கணக்க மட்டும் பாத்தா யாரு எதுக்காக ஷார்ட் பண்ணான்னு தெரியாது. அதுவும் அந்தக் கணக்கு வெளிய வர்றப்பவே பழசாயிருக்கும்."

என் பெண் எவ்வளவு அழகாகச் சொல்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். விஷயத்தைப் பாதிதான் கேட்டேன். முகத்தைத்தான் பார்த்தேன். கன்னம் கொஞ்சம் ஒட்டிப்போயிருந்தது.

அப்புறம் அவள் குரல் மாறியது. "மா, ஒண்ணு சொல்லணும். கம்பெனில கேட்டுக்கினு கீறாங்க. இங்கியே தொடர்றியா, இல்ல நம்ம சிப்காட் பிராஞ்சுக்கே திரும்பிப் போறியான்னு. மாசக் கடைசிக்குள்ள சொல்லணும். எனக்கு ஒண்ணும் புரியல..." கொஞ்சம் நிறுத்தினாள். "மாடி ரூமு சும்மாத்தான கீது?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

பின்னாலிருந்து ஒரு குரல் தொப்பென்று விழுந்தது. "ரூம வாடகைக்கு உட்டாச்சு! நீ அங்கியே இரு. நல்லாத்தான கீற?"

ஃபோனில் படம் அப்படியே நின்றது. நெட்வொர்க் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை. எஸ்தர் இமைத்தாள்.

"அப்டியா... சரி நைனா. நல்லதுதான். மா, துணி காயப் போடணும். அப்பால பேசறேன்."

வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் நடந்ததை இந்தப் பத்திரிகை அச்சடிக்காது. நான் கத்தி முடிப்பதற்குள் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். கேட்கிற பிள்ளையிடம், காலியாக இருக்கிற ரூமை விட்டாயிற்று என்று ஒரு அப்பன் சொல்லுவானா? பந்தயம் கட்டுவது வேறு. பந்தயம் ஜெயிக்க வேண்டும் என்று பிடித்துத் தள்ளுவது வேறு. இந்த மனுஷன் தள்ளுகிறார் என்றுதான் நினைத்தேன்.

இந்த வாரம் செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து இறங்கினதும் நேராக பாஷா பாயைத் தேடிப் போனேன். இனி ஆளே கூட்டி வராதீர்கள், ரூம் வாடகைக்கு இல்லை என்று சொல்லிவிடத்தான். ஹைவே ஓரத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கையெடுத்துக் கும்பிட்டார்.

"யம்மா, தப்பா நெனச்சிக்காத. இனிமேட்டு உன் வூட்டுக்கு நான் ஆள இட்டார மாட்டேன். என் தொழிலே பேஜாராப் போச்சு."

"ஏன் பாய்?"

"உன் வூட்டு மாடில நல்ல பாம்பு கீதாமே."

"இன்னாது?"

"என்னக் கேட்டா? உன் வூட்டுக்காரரக் கேளு. அந்த ரெண்டு பொண்ணுங்க நல்லா இருக்குதுன்னு சொல்லிச்சுங்க. அட்வான்ஸ எடுக்கப் போச்சுங்க. இவரு மெதுவா, 'கட்டிலுக்கு அடியில மட்டும் பாத்துப் படும்மா, அது வர்ற நேரம்'னாரு. அதுங்க ஓடன ஓட்டத்துல ஒரு செருப்ப உட்டுட்டுப் போச்சுங்க."

டீக்கடைக்காரர் சிரிக்க ஆரம்பித்தார்.

"ஒடிசாப் பசங்களுக்குத் தமிழ் தெரியாது, தப்பிச்சேன்னு நெனச்சேன். இவரு கைய இப்டிப் படம் எடுக்கற மாதிரி வெச்சிக்கினு, இந்தில 'சாம்ப்! படா சாம்ப்!'ங்கறாரு. புஸ்ஸு புஸ்ஸுன்னு சத்தம் வேற. புதுசா கண்ணாலம் கட்னதுங்க வந்துச்சு. அதுங்ககிட்ட பாம்பும் சொல்லி, மழ வந்தா ஒழுவும்னு சொல்லி, பக்கத்து வூட்டுக்காரன் குடிச்சிட்டு ராவெல்லாம் கத்துவான்னும் சொன்னாரு."

பக்கத்து வீட்டுக்காரர் சர்ச்சில் சபை ஊழியர். டீ கூடக் குடிக்க மாட்டார்.

"அப்பால என்ன இட்டுனு போய் தனியா சொல்றாரு, 'பாய், ஆளுங்கள இட்டாந்துக்கினே இரு, நிறுத்திடாத'ன்னு. எனக்கு ஒண்ணுமே புரியலம்மா. வாடகைக்கு உடணுமா, உடக் கூடாதா? மனுஷனுக்கு இன்னா வேணும்?"

டீக்கடைக்காரர் நீட்டின டீ ஆறிப்போனது. நான் குடிக்கவில்லை.

எனக்கு இரண்டு வருஷத்துக்கு முந்தின கிறிஸ்மஸ் ஞாபகம் வந்தது. அந்த வருஷம் எஸ்தர் வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். இவர் சர்ச்சில் ஒருத்தர் விடாமல் சொன்னார். மாடியில் ஏறி, தெருவிலேயே பெரிய நட்சத்திரமாகக் கட்டினார், ஃப்ளைட்டிலிருந்து பார்த்தாலே தெரிய வேண்டுமாம். கடைசி நேரத்தில் அங்கே லீவு ரத்து. பண்டிகைக்கு முந்தின நாள் இவர் ஏணியைப் போட்டு அந்த நட்சத்திரத்தைக் கழற்றி இறக்கினார். தெருவே நட்சத்திரம் ஏற்றிக்கொண்டிருக்கும்போது இவர் ஒருத்தர் மட்டும் இறக்கினார். அதற்கப்புறம்தான் அந்தப் பாட்டு ஆரம்பித்தது. அவ வர மாட்டா. அவ வர மாட்டா.

நான் தரம் பார்க்கிறவள். ஒரு கேபிளில் மயிரிழை விரிசல் இருந்தாலும் கண்டுபிடிப்பேன். ஒரே வீட்டில், ஒரே தட்டில் சாப்பிடுகிற மாதிரி வாழ்ந்துகொண்டு, இதைப் பார்க்கவில்லை. வெறும் கணக்கை மட்டும் பார்த்தேன். எத்தனை தடவை 'வர மாட்டா' என்கிறார் என்று எண்ணினேன். எதற்காகச் சொல்கிறார் என்று பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போனேன். வாசல் குழாயில் வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார்.

"மாடில பாம்பு கீதாமே" என்றேன்.

ஸ்பேனர் நின்றது.

"பாய் சொல்ட்டானா?"

"ஏன்யா? வாடகைக்கு உடச் சொன்னதும் நீ. ஓட்டி உட்டதும் நீ. அந்தப் பொண்ணு வாயத் தொறந்து கேட்டப்ப ரூம் இல்லன்னு சொன்னதும் நீ. இன்னாதான்யா வேணும் உனக்கு?"

ரொம்ப நேரம் குழாயையே திருகிக்கொண்டிருந்தார். அது எப்போதோ இறுகிவிட்டது.

"ரூம் கீதுன்னு சொன்னா நமக்காக வந்துடுவாம்மே. அவ அப்டித்தான். அப்பால இங்க ஒக்காந்துக்கினு, அங்க இருந்திருந்தா எப்டி இருந்திருப்பேன்னு நெனச்சிக்கினு இருப்பா. வாய் உட்டு சொல்ல மாட்டா. வந்தா அவளா வரட்டும். நான் இன்னா, ஹூக்க மாட்டி இழுக்கறதா?"

"சரி. ரூம உட்டிருக்கலாமே அப்ப?"

"அவளா வந்தா எங்க படுப்பா?"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். ஏதோ நான்தான் முட்டாள்தனமாகக் கேட்டுவிட்ட மாதிரி. நான் உள்ளே போய்விட்டேன். வெங்காயம் எதுவும் நறுக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் எஸ்தருக்கு நானே கால் போட்டேன். இவர் பக்கத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். பேப்பர் தலைகீழாக இல்லை, ஆனால் பக்கம் திரும்பவே இல்லை.

"மாடி ரூமுக்கு யாரும் வரலம்மா" என்றேன்.

"நைனா உட்டாச்சுன்னாரே?"

"ஒருத்தரும் வர மாட்டேங்கறாங்க. அங்க பாம்பு கீதாம்."

எல்லாவற்றையும் சொன்னேன். கட்டிலுக்கு அடியில் பார்த்துப் படு என்றது, படா சாம்ப், புஸ்ஸு புஸ்ஸு, சபை ஊழியர் குடித்துவிட்டுக் கத்துவது... எஸ்தர் சிரித்தாள். ஃபோன் ஆடுகிற மாதிரி சிரித்தாள். அப்புறம் படத்தில் அவள் முகம் போய்விட்டது. ஃபோனை மல்லாக்க வைத்துவிட்டாள். வெள்ளைக் கூரையும் ஒரு வட்ட விளக்கும் மட்டும் தெரிந்தன. அவள் தூங்குகிற ரூமின் கூரையை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். அதில் மஞ்சள் நட்சத்திரம் எதுவும் ஒட்டவில்லை. மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"நைனா பக்கத்துல கீறாரா?" என்றது கூரை.

"கீறாரு. கேக்காத மாதிரி கீறாரு."

"நைனா. அந்தப் பாம்பு இன்னா சாப்டுது?"

இவர் தொண்டையைச் செருமினார். பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "முட்ட."

"சரி. முட்டயப் போட்டு வெச்சிக்க. அந்த ரூமுக்கு வேற யாரையும் உடாத. இருக்கறதா திரும்பறதான்னு கிறிஸ்மஸ் முடிஞ்சு சொல்றேன்னு கம்பெனில டைம் கேட்டுக்கீறேன். குடுத்துட்டாங்க. கிறிஸ்மஸுக்கு வர்றேன். அப்பால இன்னான்னு எனக்கே தெரியல. வந்து, அந்தக் கட்டில்ல படுத்துப் பாத்துட்டுச் சொல்றேன்."

நான் "வாம்மா" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல எனக்கும் பயம். வருகிறவள் இருந்துவிடுவாளா? பெட்டியை மறுபடி கட்டுவாளா? யாருக்குத் தெரியும்? கிறிஸ்மஸ் வேறு தூரத்தில் இருக்கிறது.

மறுநாள் காலை லோக்கலில் மோகன் கேட்டான்: "இன்னாக்கா, வித்துட்டியா?"

"விக்கல. நீ மொதல்ல என் சிலிண்டரத் திருப்பிக் குடு" என்றேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் எதையும் வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். நான் கேபிள் பார்க்கிறவள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: யாராவது ஒன்றைப் பற்றி ஓயாமல் 'தேறாது, வராது, விழும்' என்று சொல்லிக்கொண்டே இருந்தால், உடனே பாய்ந்து திட்டாதீர்கள். அவர் கையில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். கையில் ஒன்றும் இல்லாதவனுக்கு என்ன பயம்? பின்னால் அவ்வளவு எடையைக் கட்டிக்கொண்டு நிற்கிற கிரேன், முன்னால் எதையோ தூக்கிக்கொண்டிருக்கிறது.

எஸ்தரிடம் பேசின அந்தச் சாயங்காலத்தில் மிச்சம் ஒன்று இருக்கிறது. ஃபோனை வைத்ததும் இவர் பேப்பரை மடித்தார்.

"லீவு குடுக்க மாட்டான்மே. அவ வர மாட்டா" என்றார்.

எழுந்தார். துடைப்பத்தையும் பக்கெட்டையும் எடுத்துக்கொண்டார்.

"எங்க கெளம்பிட்ட?"

"மாடிக்கு. அந்தப் பாம்பு கீதா, போச்சான்னு பாத்துட்டு வரேன்."

விளக்கு வைக்கிற நேரம் தாண்டியும் மேலே தேய்க்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பெரிய பாம்புதான் போலிருக்கிறது.